முழங்காலுக்கு ஒன்பது மாதம் கொடுங்கள்

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்தில் மாலை வேளையில் காலி மனை ஒன்றைக் கடந்து சென்றால், அங்கே கபடிக் கோடு கிழித்திருக்கும். அல்லது இரண்டு செருப்புகள் கோல் கம்பங்களாக நின்றுகொண்டிருக்கும். ஆட்டம் சூடு பிடித்திருக்கும் நேரத்தில் ஒருவன் ஓடிவந்து சட்டென்று திரும்புகிறான். பாதம் தரையில் ஊன்றியபடி நிற்க, உடல் மட்டும் சுழல்கிறது. முழங்காலுக்குள் ‘டப்’ என்று ஓர் ஓசை. அவனை யாரும் இடிக்கவில்லை, தள்ளவும் இல்லை. நொண்டிக்கொண்டே வீடு வந்து சேர்கிறான். இரவுக்குள் முழங்கால் வீங்கிவிடுகிறது. “சுளுக்குதான், நீவி விட்டால் சரியாகும்” என்கிறார் பாட்டி. ஒரு மாதத்தில் வீக்கம் வடிந்துவிடுகிறது. ஆனால் படியிறங்கும்போதும் திரும்பும்போதும் முழங்கால் ‘நழுவுகிறது’. அதன் பிறகுதான் மருத்துவமனை, ஸ்கேன், “ஜவ்வு கிழிந்திருக்கிறது” என்ற சொல், அறுவை சிகிச்சை.

இதற்குப் பிறகு வரும் மாதங்களைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன். அறுவை சிகிச்சையையே மருத்துவம் என்றும், அதற்குப் பின் வருவதை வெறும் ஓய்வு என்றும் நம்மவர்கள் எண்ணுகிறார்கள். உண்மை ஏறக்குறைய இதற்கு நேர்மாறானது என்பது என் கருத்து.

முதலில் இந்த ஜவ்வு எது என்று தெரிந்துகொள்வோம். எலும்பைத் தசையோடு இணைப்பது தசைநாண். எலும்பை எலும்போடு இணைப்பது ஜவ்வு. (முழங்காலில் மெத்தை போல் அமைந்துள்ள பிறை வடிவக் குருத்தெலும்பையும் பலர் ஜவ்வு என்றே சொல்லிவிடுகிறார்கள். இரண்டும் வேறு, மருத்துவரிடம் எது கிழிந்தது என்று கேட்டுக்கொள்வது நல்லது.) முழங்காலின் நடுவே இரண்டு ஜவ்வுகள் பெருக்கல் குறிபோல் ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து செல்கின்றன. அவற்றுள் முன்னால் இருப்பது முன்குறுக்கு ஜவ்வு. மருத்துவமனையில் ஏ.சி.எல். என்பது இதைத்தான். நீளம் ஏறத்தாழ 3 செ.மீ.; பருமன் சுண்டுவிரலைவிடச் சற்றுக் குறைவு. கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமலும், அளவு மீறிச் சுழலாமலும் இது பிடித்து நிறுத்துகிறது. இளைஞர்களின் ஜவ்வு அறுபட எவ்வளவு விசை தேவை என்று அமெரிக்காவில் அளந்து பார்த்து 1991-இல் வெளியிட்டார்கள். விடை ஏறத்தாழ 2,160 நியூட்டன். அதாவது சுமார் 220 கி.கி. எடை தொங்குவதற்குச் சமம். இவ்வளவு வலுவான கயிறு, பத்தில் ஏழு பேருக்கு யாரும் மோதாமலே, திரும்பும்போதோ குதித்து இறங்கும்போதோ அறுந்துவிடுகிறது!

கையில் வெட்டுக்காயம் பட்டால் இரத்தம் உறைந்து, அந்த உறைவின் மேல் புதிய திசு வளர்ந்து காயம் ஆறுகிறது. முழங்காலின் உள்ளே நிலைமை வேறு. அங்குள்ள மூட்டுத் திரவம் உறைவை நிலைக்க விடுவதில்லை. ஆகவே அறுந்த இரு முனைகளும் பெரும்பாலும் தாமாக ஒட்டுவதில்லை. 1895-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன் என்ற அறுவை மருத்துவர், ஒரு சுரங்கத் தொழிலாளியின் அறுந்த ஜவ்வுகளைத் தைத்துப் பார்த்தார். 1917-இல் ஹே குரோவ்ஸ் என்பவர் ஒரு படி மேலே சென்றார். நோயாளியின் தொடையிலிருந்தே ஒரு நார்ப் பட்டையை எடுத்து, எலும்பில் துளையிட்டு, அதன் வழியே செலுத்திப் புதிய ஜவ்வாக அமைத்தார். இன்றும் அடிப்படைக் கருத்து அதுவே. தொடையின் பின்பக்கத்திலிருந்தோ முழங்காலின் முன்பக்கத்திலிருந்தோ தசைநாணின் ஒரு பகுதியை எடுக்கிறார்கள். பென்சில் பருமனுள்ள உள்நோக்குக் கருவி வழியே பார்த்துக்கொண்டே எலும்பில் துளையிட்டு, அதைப் பொருத்தித் திருகாணியாலோ சிறு பொத்தானாலோ இறுக்குகிறார்கள். மொத்தம் ஒன்றிரண்டு மணி நேர வேலை.

இனிமேல்தான் வியப்பான செய்தி. நாற்றங்காலில் செழிப்பாக நின்ற நாற்றைப் பிடுங்கி வயலில் நட்டவுடன் அது எப்படி இருக்கும் என்று பார்த்திருக்கிறீர்களா? சில நாட்கள் வெளுத்து, துவண்டு நிற்கும். பிறகு வேர் பிடித்துப் பச்சை கட்டும். முழங்காலுக்குள் நட்ட தசைநாணின் கதையும் இதுதான். அதைப் பழைய இடத்திலிருந்து எடுத்தபோதே அதன் இரத்தக் குழாய்கள் அறுந்துவிட்டன. உள்ளிருக்கும் செல்கள் மடியத் தொடங்குகின்றன. நார்க்கட்டு மட்டும் ஒரு சாரம்போல் எஞ்சி நிற்கிறது. பிறகு முழங்காலிலிருந்து புதிய செல்களும் இரத்தக் குழாய்களும் அதற்குள் மெல்ல நுழைகின்றன. பழைய நார்களைக் கரைத்துப் புதிய நார்களை நெய்கின்றன. கரைப்பது முந்திக்கொள்கிறது, நெய்வது பிந்துகிறது. அதனால் பொருத்திய நாளில் இயற்கை ஜவ்வைவிட வலுவாக இருந்த அந்தக் கயிறு, ஏறத்தாழ ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை மிக மெலிந்த நிலைக்கு வந்துவிடுகிறது. மீண்டும் வலுப்பெற்று உண்மையான ஜவ்வைப்போல் மாற ஓராண்டோ அதற்கு மேலோ ஆகிறது.

இதே வாரங்களில் வெளியே என்ன நடக்கிறது என்று பாருங்கள். தையல் பிரித்தாயிற்று. வீக்கம் வடிந்துவிட்டது. ஊன்றுகோலை மூலையில் சாத்தியாயிற்று. மூன்றாம் மாதத்தில் பையன் நேராக நடக்கிறான், வலியே இல்லை. “எனக்குச் சரியாகிவிட்டது” என்கிறான். நண்பர்கள் வாசலில் வந்து கூப்பிடுகிறார்கள். பொங்கல் போட்டி வேறு நெருங்கிவிட்டது. தனக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று அவன் நினைக்கும் வாரங்களே, உள்ளே கயிறு மிகவும் நைந்திருக்கும் வாரங்கள்! வலியை உடம்பின் அளவுகோலாக வைத்துப் பழகியவர்கள் நாம். வலித்தால் ஓய்வு, வலி நின்றால் வேலை. காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் இந்தக் கணக்கு பொருந்தலாம். இங்கே அது நம்மை ஏமாற்றிவிடும்.

ஒன்பது மாதம் என்று நான் சொல்வது வாய்க்கு வந்த எண்ணன்று. நார்வேயின் ஆஸ்லோ நகரிலும் அமெரிக்காவின் டெலாவேரிலும் இந்த அறுவை செய்துகொண்ட 106 பேரைப் பின்தொடர்ந்து சென்று, அதன் முடிவுகளை 2016-இல் வெளியிட்டார்கள். ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுகாயம் ஏற்படும் வீதம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. இந்தக் குறைவு ஒன்பதாம் மாதம் வரை தொடர்ந்தது. அதே ஆண்டில் வெளியான மற்றொரு தொகுப்பாய்வின்படி, 25 வயதுக்குட்பட்டு விளையாட்டுக்குத் திரும்பியவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு மீண்டும் ஜவ்வு கிழிந்திருக்கிறது. அதே காலில் மட்டுமன்று, நல்ல காலிலும்! புதிய கயிறு கட்டினோமே தவிர, குதித்து இறங்கும் பழைய முறையை மாற்றவில்லை என்பது அதற்கு ஒரு காரணம்.

அறுவை முடிந்த முதல் சில நாட்களில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. 2022 நவம்பரில், அம்பத்தூரிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத பெரியார் நகர் அரசு புறநகர் மருத்துவமனையில், கால்பந்து ஆடும் 17 வயதுக் கல்லூரி மாணவி ஒருவருக்கு முழங்கால் ஜவ்வு அறுவை நடந்தது. அதன் பின் போடப்பட்ட அழுத்தக் கட்டு மிக இறுக்கமாக இருந்ததால் காலுக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைபட்டது என்று அப்போதைய சுகாதாரத்துறை அமைச்சர் தெரிவித்தார். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கு மாற்றி, காலை அகற்றியும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. நவம்பர் 15 அன்று அவர் இறந்தார். இரு மருத்துவர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். இத்தகைய விளைவு மிக அரிது. இதைப் படித்துவிட்டு அறுவையே ஆபத்து என்று யாரும் அஞ்ச வேண்டாம். ஆனால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். மருந்து கொடுத்தும் அடங்காமல் ஏறிக்கொண்டே போகும் வலி, விரல்கள் மரத்துப்போதல், பாதம் குளிர்ந்துபோதல் அல்லது நிறம் மாறுதல், விரலை அசைக்க முடியாமை இவற்றுள் எது தோன்றினாலும் அந்த நிமிடமே செவிலியரை அழைக்க வேண்டும். அவர் வேலையாக இருந்தால் மீண்டும் அழைக்க வேண்டும். “அறுவை என்றால் வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கொள்” என்று பெரியவர்கள் அன்போடு சொல்லும் சொல் இந்த இடத்தில் பொருந்தாது. வீடு திரும்பிய பின் கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும், காய்ச்சலோடு காயத்தில் நீர் கசிந்தாலும் அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்கக் கூடாது.

இனித் தொடைக்கு வருவோம். அறுவைக்கு மறுநாள் இயன்முறை மருத்துவர் வந்து, “தொடையை இறுக்குங்கள்” என்பார். நோயாளி முயல்வார், தொடை அசையாது. சோம்பல் என்று எண்ணிவிடாதீர்கள். வீங்கிய மூட்டிலிருந்து செல்லும் நரம்புச் செய்திகள், தொடையின் முன் தசைக்கு வரும் கட்டளையைத் தண்டுவடத்திலேயே அடக்கிவிடுகின்றன. மூட்டைக் காக்க உடல் செய்யும் ஏற்பாடு இது. ஆனால் இது நீடித்தால் தசை நாளுக்கு நாள் இளைக்கும். ஓரிரு வாரங்களிலேயே இரு தொடைகளின் சுற்றளவும் வேறுபடுவதை டெய்லர் நாடாவால் அளந்தே கண்டுபிடிக்கலாம். ஆகவேதான் பனிக்கட்டி ஒத்தடம் கொடுத்து வீக்கத்தைக் குறைப்பதும், குதிகாலின் கீழ்த் துண்டைச் சுருட்டி வைத்து முழங்காலை முழுவதும் நேராக்குவதும் முதல் வாரத்துப் பாடமாகின்றன. மடக்குவதற்கே எல்லோரும் பாடுபடுகிறார்கள். நேராக நீட்டும் திறனைத் திரும்பப் பெறாவிட்டால் வாழ்நாள் முழுதும் சாய்ந்து நடக்க நேரும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

முற்காலத்தில் அறுவைக்குப் பின் ஆறு வாரம் மாவுக்கட்டுப் போட்டுக் காலை அசையாமல் வைத்தார்கள். அமெரிக்க மருத்துவர் டொனால்டு ஷெல்போர்ன் ஒரு விந்தையைக் கவனித்தார். சொன்ன சொல் கேளாமல் முன்னதாகவே காலை நீட்டி மடக்கி நடந்த நோயாளிகள், சொன்னபடி கேட்டவர்களைவிட நன்றாகத் தேறியிருந்தார்கள்! அதை ஆராய்ந்து 1990-இல் அவரும் நிட்ஸ் என்பவரும் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு மாவுக்கட்டு வழக்கம் மெல்ல மறைந்தது. (சொல் கேளாமை அறிவியலுக்கு உதவிய நிகழ்ச்சிகள் சிலவே. இதை வீட்டுப்பாடத்துக்கு மேற்கோள் காட்ட வேண்டாம்.) அசைவை முன்னதாகத் தொடங்குவது வேறு, ஆட்டத்தை முன்னதாகத் தொடங்குவது வேறு. முதலாவது மருந்து, இரண்டாவது நஞ்சு.

இந்தப் பயிற்சி முறைகள் பெரும்பாலும் நாற்காலியில் உட்கார்ந்து பழகிய நாடுகளில் எழுதப்பட்டவை. நாற்காலிக்கு முழங்கால் 90 பாகை மடங்கினால் போதும். நம் வீடுகளில் சாப்பாடு தரையில், படிப்பு தரையில், பல வீடுகளில் கழிப்பறையும் குந்தி உட்காரும் வகை. அதற்கு 120 பாகைக்கு மேல் மடங்க வேண்டும். உடலின் எடை முழுவதும் அந்த மடிப்பின் மேல் இறங்கும். ஆவடியிலிருந்தோ அம்பத்தூரிலிருந்தோ மின்சார ரயில் பிடிக்க நடைமேம்பாலம் ஏறி இறங்க வேண்டும். சென்னை செல்லும் பேருந்தின் படியோ முழங்கால் உயரம். எனவே இயன்முறை மருத்துவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “உங்கள் வீட்டில் என்ன கழிப்பறை?” என்பதுதான் என்பேன். அவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள். குந்தும் கழிப்பறையின் மேல் நிறுத்திக்கொள்ளும் துளையிட்ட நாற்காலி மருத்துவப் பொருள் கடைகளில் கிடைக்கிறது. அறுவைக்கு முன்பே அதை வாங்கி வைத்த குடும்பம் பாதி கவலையைக் குறைத்துக்கொண்டது. சம்மணமிடுவதையும் குந்துவதையும் எப்போது தொடங்கலாம் என்பதை மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஜவ்வு கிழிந்த எல்லோருக்கும் அறுவை வேண்டுமா? வேண்டியதில்லை. ஸ்வீடனில் 121 இளைஞர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உடனே அறுவையும் பயிற்சியும், மற்றதற்குப் பயிற்சி மட்டும் கொடுத்து, தேவைப்பட்டால் பின்னர் அறுவை என்று விட்டுப் பார்த்தார்கள். 2010-இல் வெளியான முடிவின்படி, இரண்டாம் பிரிவின் 59 பேரில் 23 பேர்தாம் இரண்டு ஆண்டுகளுக்குள் அறுவை செய்துகொண்டார்கள். இரு பிரிவுகளின் நலனிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஐந்தாண்டுக்குள் இன்னும் சிலர் சேர்ந்து ஏறக்குறைய பாதிப்பேர் ஆனார்கள். சட்டென்று திரும்பி ஓடும் கபடி, கால்பந்து போன்ற ஆட்டங்களைத் தொடர விரும்புவோர்க்கு அறுவை பெரும்பாலும் தேவைப்படும். ஆனால் இரு வழியிலும் பயிற்சி மட்டும் தவிர்க்க முடியாதது என்பதை இந்த ஆய்வு காட்டுகிறது.

இங்கேதான் நம் ஏற்பாடு குறைபடுகிறது. அறுவைக்கு எப்படியோ பணம் புரட்டிவிடும் பெற்றோர், வாரம் மூன்று முறை இயன்முறை மையத்துக்குச் செல்லும் ஆட்டோ கட்டணத்தில் தடுமாறுகிறார்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் தந்தை எத்தனை நாள் விடுப்பு எடுக்க முடியும்? இரண்டாம் மாதத்தோடு பயிற்சி நின்றுபோகிறது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையை வீட்டுக்கே கொண்டு செல்லும் ஏற்பாடு உண்டு. நல்ல எண்ணம். நடமாட முடியாத முதியவர்களுக்குச் செல்லும் அந்தக் கை, அறுவை முடிந்த மாணவனின் முழங்காலுக்கும் நீள வேண்டும்.

பள்ளிகளும் ஒன்று செய்யலாம். அதற்குச் செலவே இல்லை. முழங்கால் அறுவை செய்துகொண்ட மாணவனோ மாணவியோ விளையாட்டு வகுப்பில் என்ன செய்கிறார்? மரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களின் புத்தகப் பைக்குக் காவல் இருக்கிறார். அந்த நாற்பது நிமிடம் அவருடைய சிகிச்சை நேரமாக இருக்கக் கூடாதா? இயன்முறை மருத்துவர் எழுதிக் கொடுத்த பயிற்சிகளை உடற்கல்வி ஆசிரியரின் கண்முன் செய்தால் வாரத்துக்கு இரண்டு முறையாவது அது விடாமல் நடக்கும். (அந்த வகுப்பைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொள்ளாமல் இருந்தால்!) இன்னொன்று. பெண்களுக்கு இந்த ஜவ்வு கிழியும் வீதம் அதே ஆட்டம் ஆடும் ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். அதைக் காரணம் காட்டிப் பெண்களை மைதானத்திலிருந்து அனுப்பிவிடும் பெரியவர்கள் உண்டு. அது தவறான முடிவு. குதித்து இறங்கும்போது முழங்கால் உட்பக்கமாகச் சாயாமல், இடுப்பையும் முழங்காலையும் மடக்கி மெத்தென்று இறங்கப் பழக்கினால், இந்தக் காயம் பெண்களிடம் ஏறத்தாழ பாதியாகக் குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆட்டத்துக்கு முன் இருபது நிமிடம். கருவி எதுவும் வேண்டாம். தேறி வருபவர் கடைசி மாதங்களில் கற்றுக்கொள்வதும் இதே பாடத்தைத்தான். அவரோடு சேர்ந்து அணி முழுவதும் கற்றுக்கொள்ளலாமே!

எல்லோரும் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. 2014-இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி நூற்றுக்கு 81 பேர் ஏதோ ஒரு விளையாட்டுக்குத் திரும்பினர். 65 பேர் பழைய தரத்துக்கும், 55 பேர் போட்டி ஆட்டத்துக்கும் திரும்பினர். மீண்டும் கிழிந்துவிடுமோ என்ற அச்சமே பலரைத் தடுக்கிறது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் முழங்கால் ஜவ்வு கிழிந்து தூக்குப் படுக்கையில் வெளியேறிய மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட், 2018 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றார். இடையில் இரண்டு ஆண்டுகள். அந்த இரண்டு ஆண்டுகளைப் பத்திரிகைகள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

ஒன்பது மாதம் கடந்தாலும் நாட்காட்டி மட்டும் போதாது. முழங்காலையும் கேட்க வேண்டும். கேட்கும் முறை எளிது. இயன்முறை மருத்துவர் அனுமதித்த பிறகு, ஒற்றைக் காலால் முன்னோக்கித் தாண்டி அதே காலில் அசையாமல் நின்று, தூரத்தை அளக்க வேண்டும். ஒரு டேப்பும் ஒரு சாக்பீஸும் போதும். நல்ல கால் 150 செ.மீ. தாண்டினால் அறுவை செய்த கால் குறைந்தது 135 செ.மீ. தாண்ட வேண்டும், அதாவது நூற்றுக்குத் தொண்ணூறு. இதில் ஒரு பொறி இருக்கிறது. ஒன்பது மாதம் ஆடாமல் இருந்ததில் நல்ல காலும் இளைத்துப்போயிருக்கும். இளைத்த காலோடு ஒப்பிட்டுத் தொண்ணூறு மதிப்பெண் வாங்குவது பெரிதன்று. ஆகவே காயத்தின் வீக்கம் வடிந்ததும், அறுவைக்கு முன்பே, நல்ல கால் எவ்வளவு தூரம் தாண்டுகிறது என்று இயன்முறை மருத்துவர் முன்னிலையில் அளந்து, தேதியோடு மருத்துவச் சீட்டின் பின்புறம் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.